குக்கர் விசிலும் கோழி எலும்பும்

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு நம் பிளாக் மாடிப்படியில் ஏறிப் பாருங்கள். எந்த வீட்டில் கோழி சூப் என்பது விசில் சத்தத்திலும் மிளகு வாசனையிலும் தெரிந்துவிடும். அந்தக் குக்கரே முதலில் எலும்பை வேகவைக்கத்தான் பிறந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? (சைவக் குடும்பத்தார் பொறுத்துக்கொள்ள வேண்டும். குக்கர் உங்கள் வீட்டிலும் இருக்கிறதே!)

டெனிஸ் பாப்பின் என்பவர் மருத்துவம் படித்த பிரெஞ்சுக்காரர். 1679-இல் லண்டனில், ஆவி வெளியேறாதபடி இறுக்கி மூடும் பாத்திரம் ஒன்றைச் செய்தார். உள்ளே அழுத்தம் ஏறினால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டிச் சூடாகும்; கல் போன்ற எலும்பும் இளகிவிடும். பாத்திரம் வெடிக்காமலிருக்க, எடைக்கல் தொங்கும் ஒரு வால்வையும் வைத்தார். இன்று நாம் போடும் வெயிட்டுக்கு அதுதான் தாத்தா. 1681-இல் இதைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். அடுத்த வருடம் ராயல் சொசைட்டி அறிஞர்களுக்கு அதில் சமைத்து விருந்து வைத்தார். சாப்பிட்டவர்களில் ஒருவரான ஜான் ஈவ்லின், மாட்டெலும்பு பாலாடைக்கட்டி போல மெத்தென்று இருந்ததாகவும், செலவான கரி கால் கிலோவுக்கும் குறைவு என்றும் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். எலும்புச் சாறு உறைந்த ஜெல்லி ஒரு கிளாஸ் வீட்டம்மாவுக்கும் போயிற்று. பாப்பினோ கடைசியில் லண்டனில் வறுமையில்தான் இறந்தார்.

பிறகு பத்தொன்பதாம் நூற்றாண்டில், எலும்பிலிருந்து எடுத்த ஜெலட்டின் சூப்பை பாரிஸ் மருத்துவமனைகளில் ஏழை நோயாளிகளுக்கு ஊற்றினார்கள். எறியும் எலும்பில் ஆயிரம் பேருக்கு உணவு! ஆயுள் முழுக்க லெட்ஜர் எழுதியவன் என்பதால் அந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் கணக்கு உதைத்தது. மஜாந்தி தலைமையில் அமைந்த அறிவியல் குழு, ஜெலட்டினை மட்டும் தின்ற நாய்கள் பிழைக்கவில்லை என்று 1841-இல் அறிக்கை கொடுத்தது. உடம்புக்குக் கட்டாயம் தேவையான டிரிப்டோபான் ஜெலட்டினில் இல்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

இதை நான் ஏன் இவ்வளவு தூரம் இழுக்கிறேன் என்றால், என் அம்மா படுக்கையில் இருந்தபோது பத்து நாள் வெறும் சூப் தண்ணீரையே கொடுத்தோம். "சத்து எல்லாம் சாறில் இறங்கிவிடும்" என்று நம்பினோம். டாக்டர் பார்த்துவிட்டு, "சக்கையைக் கொடுங்க சார், சாறு மட்டும் போதாது" என்று கடிந்துகொண்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நோயாளி கிண்ணத்தில் உதிர்த்த கறியோ, ஒரு வெந்த முட்டையோ இல்லாமல் சூப் போகாது.

செய்முறை கேட்பவர்களுக்கு: கோழிக் கழுத்து, முதுகு, கால் எலும்பு அரை கிலோ. தண்ணீர் ஒன்றரை லிட்டர். சின்ன வெங்காயம், இடித்த மிளகு, சீரகம், சிட்டிகை மஞ்சள். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து முக்கால் மணி நேரம் விடுங்கள். உப்பைக் கடைசியில் போடுங்கள். வடிகட்டி ஃப்ரிட்ஜில் வைத்தால் காலையில் ஜெல்லியாக ஆடும். மேலே உறைந்த கொழுப்பைக் கரண்டியால் வழித்துவிடலாம்.

வெந்த எலும்பைத் தயவுசெய்து பச்சைத் தொட்டியிலேயே போடுங்கள். போன மாதம் ஒரு காக்கா அதை என் வேட்டி காயும் கொடியில் கொண்டுவந்து வைத்துவிட்டது.