வாசற்படியில் நின்றுபோன அன்பு



கிறித்தவம் நம் கரிசல் காட்டுக்கு எப்படி வந்தது என்று கேட்டால் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். மிஷனரிகளின் அன்பால் வந்தது என்பது ஒன்று. பஞ்சத்தில் ஊற்றிய கஞ்சியால் வந்தது என்பது இன்னொன்று. முதல் பதிலில் வெள்ளைக்காரர் கதாநாயகர். இரண்டாவதில் நாம் சோற்றுக்கு விலைபோனவர்கள். இரண்டிலுமே ஒடுக்கப்பட்ட மக்கள் கையேந்தி வாங்குகிறவர்களாக மட்டும் நிற்கிறார்கள். நான் கேட்க விரும்புவது வேறு கேள்வி. சாதிச் சமூகத்தில் அன்பை எதைக்கொண்டு அளப்பது?

கோவில்பட்டிக்குப் பக்கத்திலுள்ள காமநாயக்கன்பட்டி, தமிழகத்தின் பழைய கத்தோலிக்கத் தலங்களில் ஒன்று. ஆகஸ்ட் 15 அன்று பரலோக மாதா திருவிழாவுக்குச் சுற்றுவட்டாரமே திரளும். வீரமாமுனிவர் பணியாற்றிய ஊர் என்று பெருமையோடு சொல்வோம். அவர் தமிழகத்தில் வாழ்ந்த காலத்தில், மதுரை மிஷனைப் பற்றி ரோமாபுரி வரை ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. திருச்சபை வரலாற்றில் அதற்கு 'மலபார் சடங்குகள் விவாதம்' என்று பெயர். அதிலிருந்த கேள்விகளில் ஒன்று நம்முடையது. பறையர் ஒருவர் வீட்டில் சாகக் கிடந்தால், குருவானவர் அந்த வீட்டுக்குள் போவாரா, மாட்டாரா?

இந்தக் கேள்விக்கு ஒரு முன்கதை உண்டு. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி பிராமண சந்நியாசிக் கோலம் பூண்டவர். அந்தக் கோலத்தோடு சேரிக்குள் நுழைய முடியாது. ஆகவே 1640 வாக்கில் பண்டாரசாமிகள் என்று வேறொரு வகைக் குருக்கள் உருவானார்கள். 1704இல் போப்பின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் ஓர் ஆணை பிறப்பித்தார்: நோயுற்ற பறையரின் வீட்டுக்குள் குருக்கள் போயே ஆக வேண்டும். போனால் மற்றச் சாதிக் கிறித்தவர்கள் விலகிவிடுவார்கள் என்று சேசு சபையார் வாதாடினார்கள். வழக்கு நாற்பது ஆண்டுகள் இழுத்தது. கடைசியில் 1744இல் போப் பதினான்காம் பெனடிக்ட் ஒரு வழியை ஏற்றுக்கொண்டார். பறையருக்கென்று தனிக் குருக்கள்!

டீக்கடையில் இரட்டைக் குவளை வருவதற்கு முன்பே அன்பில் இரட்டைக் குவளை வந்துவிட்டது. அந்தக் குருக்கள் அன்பில்லாதவர்கள் என்று நான் சொல்லவில்லை. பலர் உயிரையே கொடுத்தவர்கள். ஆனால் உயிரைக் கொடுப்பதைவிட ஒரு வாசற்படியைத் தாண்டுவது கடினமாக இருந்திருக்கிறது.

சீர்திருத்த சபைகள் இதே கேள்வியை அடுப்படிக்குக் கொண்டுபோயின. சாதியை உடனடியாகக் கைவிட வேண்டும் என்று 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் எழுதினார். 1850இல் சென்னை மிஷனரி மாநாடு இன்னும் தெளிவாகப் பேசியது. பறையர் சமைத்ததைச் சாப்பிட்டுச் சாதியை விட்டதை மெய்ப்பிக்காதவருக்குத் திருவிருந்தில் இடமில்லை என்றது. லைப்சிக் லுத்தரன் மிஷன் அதில் சேரவில்லை. அன்பு என்பது நாம் கொடுப்பது மட்டுமன்று, பிறர் கையால் வாங்கிச் சாப்பிடுவதும்தான் என்று ஒரு தீர்மானம் எழுதப்பட்டது. சபைகள் அதன்படி நடந்தனவா என்பதற்கு இன்றைய கல்லறைச் சுவர்கள் சாட்சி.

இனி பஞ்சத்துக்கு வருவோம். 1876–78, தாது வருஷப் பஞ்சம். தென்னிந்தியாவில் ஐம்பது லட்சத்துக்கும் மேல் செத்தார்கள் என்பது கணிப்பு. அரசின் நிவாரண வேலையில் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தார். அது உயிர்வாழப் போதாது என்று அரசு மருத்துவர் கார்னிஷே எதிர்த்தார். அந்தக் காலத்தில்தான் திருநெல்வேலிச் சீமையில் கால்டுவெல், சார்ஜென்ட் ஆகியோரின் சபைகளில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள். பஞ்சம் தீர்ந்ததும் சிலர் போய்விட்டார்கள், பலர் தங்கினார்கள்.

'அரிசிக் கிறித்தவர்' என்று நம்மைக் கேலி பேசுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பசித்தவருக்குச் சோறு தெரியும். சோறு எப்படிப் போடப்படுகிறது என்பதும் தெரியும். தூக்கி எறிந்த சோற்றுக்கும் உட்காரவைத்துப் போட்ட சோற்றுக்கும் வித்தியாசம் அறிந்தவர்கள் நம் பாட்டன் பூட்டன்மார். தங்கியவர்கள் கஞ்சிக்காகத் தங்கவில்லை. பிள்ளைக்கு எழுத்தும், உட்கார ஓர் இடமும், பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரு குரலும் வேண்டும் என்று தங்கினார்கள்.

அந்தக் குரலும் பெரும்பாலும் நம்மவர் குரல்தான். சாம்பவர் குலத்தில் பிறந்த மயிலாடி மகாராசன் சிதம்பரம் யாத்திரை போனவர். தஞ்சாவூரில் கிறித்தவத்தை அறிந்து, வேதமாணிக்கமாக ஊர் திரும்பினார். 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தபோது அங்கே ஏற்கனவே ஒரு சிறு சபை இருந்தது. குமரிக்கு மட்டும் உரிய கதையல்ல இது. பஞ்சாபின் சியால்கோட்டில் தித் என்ற தோல் வியாபாரி, தீண்டப்படாதவராக ஒதுக்கப்பட்டவர், 1873இல் ஞானஸ்நானம் பெற்றார். மிஷன் பங்களாவில் தங்காமல் ஊர் திரும்பினார். மனைவியையும் மகளையும் அண்டை வீட்டாரையும் அழைத்துவந்தார். பங்களாவிலிருந்து போனதைவிட, சம்பந்தி வீட்டுக்குப் போகிற வழியில் சேதி வேகமாகப் போயிருக்கிறது. பருத்திக்காட்டில், பிரசவத்தில், இழவு வீட்டில் ஒருவருக்கொருவர் கைகொடுத்தவர்கள் சொன்ன சேதி அது.

ஆனாலும் வாசற்படி இன்னும் அங்கேயே இருக்கிறது. 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஆணை, கிறித்தவரான தலித்தைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் உள்ளே வந்தார்கள். நாம் வெளியேதான் நிற்கிறோம். திருச்சபைக்குள் தீண்டாமை உண்டு என்பதைக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016இல் தன் கொள்கை அறிக்கையில் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்ட பிறகும் தனிக் கல்லறைகள் இருக்கின்றன.

மாணவர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறேன். மிஷன் அறிக்கைகளில் உபதேசியார் பெயர் கிடைக்கும். அவர் மனைவி பெயர் கிடைப்பது அரிது. காலரா வந்த தெருவில் தண்ணீர்க் குடத்தோடு யார் நுழைந்தார்கள் என்று நம் கிழவிகளிடம் கேளுங்கள். தேவேந்திரர் வீட்டில் அருந்ததியர் உட்கார்ந்து சாப்பிட்டார்களா என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள். அந்தப் பதில் நமக்கு வலிக்கலாம். எழுதிவையுங்கள்.