வாலோடு வால் கட்டி

அர்ப்ரோத் ஸ்மோக்கி என்ற ஸ்காட்லாந்துப் புகைமீன் ஒற்றையாக வருவதில்லை. ஏறக்குறைய ஒரே அளவுள்ள இரண்டு ஹேடாக் மீன்களைத் தலை நீக்கி, குடல் எடுத்து, உப்பில் சிறிது நேரம் போட்டு, வாலோடு வால் சேர்த்துச் சணல் கயிற்றால் கட்டுவார்கள். கடையில் விற்பதும் ஜோடியாகத்தான்.

ஹேடாக் வட கடலின் குளிர்நீர் மீன். மார்புத் துடுப்பருகே பெருவிரல் பதிந்ததுபோல ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், செங்குத்துப் பாறைமேல் உட்கார்ந்திருக்கும் ஆக்மித்தி என்ற சிற்றூரில்தான் இதைப் புகைக்கும் பக்குவம் பிறந்தது. அந்நாளில் ஆண்கள் கடலுக்குப் போவார்கள். சிப்பி உரித்துத் தூண்டில்களில் இரை கோப்பது, மீன் அரிவது, புகைப்பது, கூடையில் சுமந்து விற்பது எல்லாம் பெண்கள் பாடு. ஆண்களின் கால் நனையாதபடி முதுகில் தூக்கிப்போய்ப் படகேற்றிவிட்டதும் அவர்களே. மீன் வைத்திருந்த வீடு தீப்பிடித்து, சாம்பலில் கிடந்ததைத் தின்று பார்த்தபோது இந்தச் சுவை பிடிபட்டது என்று ஒரு கதை உண்டு. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் பழகிய கைவேலையை ஒரு விபத்தின் கணக்கில் எழுதிவிடுகிற கதை அது.

19ஆம் நூற்றாண்டில் ஆக்மித்திக் குடும்பங்கள் பல, துறைமுக வசதியுள்ள பக்கத்து ஊரான அர்ப்ரோத்துக்குக் குடிபெயர்ந்தன. பக்குவமும் கூடவே போயிற்று, பெயரைப் பெரிய ஊர் எடுத்துக்கொண்டது. 2004இல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீடு கொடுத்தபோது, அர்ப்ரோத்தைச் சுற்றி 8 கிலோமீட்டருக்குள் செய்தால்தான் அந்தப் பெயர் என்றாயிற்று. ஆக்மித்தி நல்லவேளையாக அந்த வட்டத்துக்குள் வருகிறது.

பழைய முறையில் மரப்பீப்பாயைத் தரையில் பதித்து, அடியில் பீச் அல்லது ஓக் விறகை எரிப்பார்கள். குறுக்குக் கம்புகளில் ஜோடி ஜோடியாக மீனைத் தொங்கவிட்டு, மேலே ஈரக் கோணிச்சாக்கைப் போர்த்துவார்கள். சாக்கு தீயை அடக்கி, புகையையும் ஆவியையும் உள்ளேயே நிறுத்தும். காற்று ஏறினால் இன்னொரு சாக்கு. தணிந்தால் ஒன்றை எடுத்துவிடுவார்கள். கோணிக்கு அந்தப் பக்கம் என்றைக்கும் பஞ்சமில்லை. சற்றுத் தள்ளியிருக்கும் டண்டீ நகரம் வங்காளத்துச் சணலை நூற்றே செழித்தது. ஒரு மணி நேரத்துக்குள் தோல் செம்பு நிறமாகி, மீன் வெந்துவிடும்.

ஆகவே வீட்டில் சமைப்பவருக்கு வேலை குறைவு. அதிகம் செய்தால்தான் கெடும். பிளந்து, நடுமுள்ளை உருவி, வெண்ணெய் தடவி, மூடிச் சூடேற்றினால் போதும். மிஞ்சியதை உதிர்த்துக் கெஜரீயில் போடுவார்கள். நம் கிச்சடியின் வம்சம்தான் அது: சோறு, வெண்ணெய், அவித்த முட்டை, கொஞ்சம் கறிப்பொடி. பருப்பு மட்டும் கப்பலேறவில்லை.

முள்ளையும் தோலையும் எறியக் கூடாது. பாலில் இட்டு மெல்லக் காய்ச்சி வடிகட்டி, அதில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, கடைசியில் மீனை உதிர்த்துப் போட்டால் நல்ல சூப். அதைக் கல்லன் ஸ்கிங்க் என்று சொன்னால் வடக்கே கல்லன் ஊரில் சண்டைக்கு வருவார்கள். அவர்கள் கணக்கில் அந்தச் சூப்புக்கு ஃபின்னன் ஹேடிதான் வேண்டும்: அதே ஹேடாக், ஆனால் சூடில்லாத புகையில் வைத்தது, பாலில்தான் வேக வேண்டியது.