ஆங்கிலம் அறியாப் புதுமாணவர் (கொழும்பு)

யுத்தத்தாலோ ஜீவனோபாயத்தின் பொருட்டோ வடகிழக்கினின்றும் மலையகத்தினின்றும் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பகுதிகளிற் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள், தமிழன்றிப் பிறிதொரு பாஷை பயிலாது ஆங்கில மொழிமூல வகுப்பிற் புகுங்கால் அவர்க்கு வேண்டப்படும் போதனா உதவி ஈண்டுக் கருதப்படும். 1945ஆம் ஆண்டின், அந்நாளைய கல்வியமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டத்தையொட்டித் தாய்மொழிப் போதனை பரவியமையால் நெடுங்காலம் தணிந்திருந்த இப்பிரச்சினை, 2001இல் உயர்தர விஞ்ஞான வகுப்பிலும், அதற்கடுத்த ஆண்டில் ஆறாந் தரத்திலும் ஆங்கில மொழிமூலம் அனுமதிக்கப்பெற்றபின் மீண்டும் தலைதூக்கிற்று. விஞ்ஞானக் கருத்தை முதலில் தமிழில் விளங்கவைத்து, அதன்பின் ஆங்கிலக் கலைச்சொல்லைப் புகட்டலும், இருமொழி வல்ல சகமாணவனை அருகமர்த்தலும் பயன்தரும் உபாயங்கள். ஆரம்ப மாதங்களின் மௌனத்தை மந்தபுத்தியென்று கொள்ளும் ஆசிரியரோ (அத்தகையோர் அரியரல்லர்) பிள்ளையை டியூட்டரி வாயிலுக்கே துரத்துவர். சமயம், சரித்திரம் ஆகிய பாடங்கள் இன்றும் தாய்மொழியிலேயே நடைபெறுதலின், அப்பிள்ளையின் மெய்யான ஆற்றலை அங்கே காணலாம்.