ஏற்காட்டின் தண்ணீர்க் கணக்கு

ஏரியும் காடும் சேர்ந்ததுதான் ஏற்காடு என்பார்கள். பேர்லயே ஏரி இருக்கிற ஊருக்குத் தண்ணீர்க் கஷ்டமா? பதில் தெரியணும்னா மலையின் அமைப்பையும், அங்கே யார் எப்போது தண்ணீர் எடுத்தார்கள் என்பதையும் பார்க்கணும்.

சேர்வராயன் உச்சி சுமார் 1,620 மீட்டர். ஊர் 1,500 மீட்டரை ஒட்டி இருக்கிறது. ஊருக்கு மேலே பெரிதாக மலையே இல்லை, அதனால் மேலிருந்து ஆறு எதுவும் வராது. பெய்கிற மழைதான் வரவு. அடியில் சார்னோகைட் என்ற கெட்டிப் பாறை. அதன்மேல் உள்ள மண்ணிலும் பாறை விரிசல்களிலும் தங்குகிற நீர் ஊற்றாகக் கசிகிறது. ஏரி நிரம்பினால் மிச்சம் கிளியூர் அருவி வழியாகக் கீழே போயிடும்.

இங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கும் கேரளத்துக்கும் சம்பந்தமில்லை. காஞ்சிபுரத்திலிருந்து மூன்று சகோதரர்கள் வந்து சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலையில் குடியேறினார்கள் என்பது அவர்களிடையே வழங்கும் கதை. குடிக்க ஊற்று, சாமை, கேழ்வரகு விளைய மழை. தண்ணீர் அளவுக்குள்ளே வாழ்க்கை.

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபியைக் கொண்டுவந்தார். காபிப் பழத்தைத் தோல் உரித்துக் கழுவ நிறையத் தண்ணீர் வேணும். ஆனால் அறுவடை வடகிழக்குப் பருவமழை ஓய்கிற சமயத்தில் வரும். ஓடையில் நீர் இருக்கும்போதே வேலை நடந்தது.

சுற்றுலா இதைத் தலைகீழாக மாற்றியது. வெள்ளைக்காரர்கள் காலத்தில் கோடைக்குச் சில குடும்பங்கள் மலையேறின. இன்று கூட்டம் குவிவதும், அரசின் கோடை விழா நடப்பதும் மே மாதத்தில். ஜனவரியிலிருந்து மழை குறைந்து ஊற்றுகள் மெலிந்துபோயிருக்கும் நேரம் அது.

சரி, கணக்குக்கு வருவோம். ஜல் ஜீவன் திட்டம் கிராமத்து ஆளுக்கு வைத்திருக்கும் அளவு நாளைக்கு 55 லிட்டர். கட்டட விதித்தொகுப்பு சாதாரண விடுதியில் தங்குபவருக்கு 180 லிட்டர், உயர்தர நட்சத்திர விடுதி என்றால் 320 லிட்டர் என்கிறது. 50 பேர் தங்கும் ஒரு சாதாரண விடுதிக்கு 9,000 லிட்டர். அது கிராமத்தில் 160 பேருக்கு மேல் போதும். ஆழ்துளைக் கிணறு வற்றினால் விடுதி லாரித் தண்ணீர் வாங்கி, செலவை வாடகையில் ஏற்றிவிடும். ஊற்று வற்றினால் கிராமத்துப் பெண்கள் இன்னும் தூரம் குடம் தூக்கணும்.

கடலோரத்தில் அளவுக்கு மீறி உறிஞ்சினால் கிணற்றில் உப்பு ஏறும், நாக்கு காட்டிக் கொடுத்துவிடும். மலையில் அப்படி எச்சரிக்கை கிடையாது. ஊற்று சத்தமில்லாமல் நின்னுடும்.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025-இல் வாகனங்களுக்கு உச்சவரம்பும் வந்தது. நல்ல தொடக்கம்தான். ஆனால் வண்டியை எண்ணுவது பாதிக் கணக்கு. ஏற்காட்டில் ஒவ்வொரு ஊற்றும் மே மாதம் நாளைக்கு எத்தனை லிட்டர் தருகிறது என்று முதலில் அளக்கணும். கிராமங்களின் பங்கைக் கழித்த பிறகு மிஞ்சுவதை வைத்துத்தான் புது விடுதி அறைகளுக்கு அனுமதி தரணும். டிசம்பர் மாதத்து ஓடையைப் பார்த்து அனுமதி கொடுத்தால் மே மாதம் கணக்கு உதைக்கும்.