மீன், பல்லி, ஒரு வாரம்

1974. பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, நமுனுகுல என்று ஏறிப்போகும் தோட்டங்களில் அடுப்பு எரிவதே பெரிய விஷயமாக இருந்த காலம். கோதுமை மாப் பங்கீடு சுருங்கியது. தேத்தண்ணிக்குச் சீனி இல்லாமல் போனது. காட்டுக் கிழங்கையும் கீரையையும் அவித்துத் தின்றார்கள். அதுவும் கிடைக்காதவர்கள் டவுனுக்கு இறங்கிக் கையேந்தினார்கள். மலையக லயங்களில் பட்டினிச் சாவுகள் விழுந்தன. பசியைக் குறைக்க ஒரு மருந்து வரும், அதற்கு உலகம் வரிசையில் நிற்கும் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக் களமே கைகொட்டிச் சிரித்திருக்கும். ஆனால் அந்தக் கதை அடுத்த சில ஆண்டுகளிலேயே, கடல்கள் தாண்டி ஒரு மீனின் வயிற்றுக்குள் தொடங்கிவிட்டது.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் இருந்த ஜோயல் ஹேபனர், இரத்தத்தில் சீனியைக் கூட்டும் குளுக்ககன் என்ற ஹோர்மோனின் மரபணுவைத் தேடினார். மரபணுவை வெட்டி ஒட்டும் கலை அப்போதுதான் பிறந்திருந்தது. ஏதாவது விபரீதம் முளைத்துவிடுமோ என்ற பயத்தில், பாலூட்டிகளின் மரபணுவைக் கையாளக் கடும் கட்டுப்பாடுகள் விதித்திருந்தார்கள். ஹேபனர் மீனுக்குத் தாவினார். தலையில் தூண்டில் முளைத்த ஆங்கிளர் மீனுக்கு, ஹோர்மோன் சுரக்கும் பகுதி கணையத்திலிருந்து தனியாக ஒதுங்கி இருக்கும். வெட்டி எடுப்பது சுலபம். 1982இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில் குளுக்ககன் இருந்தது. அதனருகே, யாரும் தேடாத இன்னொன்றும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த ஆண்டு பாலூட்டிகளிலும் அதன் உறவுக்காரன் அகப்பட்டான். ஜி.எல்.பி-1 என்று பெயரிட்டார்கள். அந்தச் சங்கிலியில் உண்மையில் வேலை செய்யும் துண்டு எது என்று கண்டுபிடித்தவர், அதே மருத்துவமனையில் இருந்த ஸ்வெட்லானா மொய்சோவ். 1987இல் எலியின் கணையத்தில் அதன் மிகச் சிறிய அளவே இன்சுலினைப் பெருக்கெடுக்க வைத்தது. டென்மார்க்கில் யென்ஸ் ஹோல்ஸ்டின் குழுவும் அதே காலத்தில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. முதலில் காப்புரிமைகளில் மொய்சோவின் பெயரே இல்லை; போராடித்தான் சேர்க்க வேண்டியிருந்தது. அந்தப் போராட்டத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று மருந்துக்குள்ளேயே ஒளிந்திருந்தது.

உடம்புக்குள் போன ஜி.எல்.பி-1, ஏறக்குறைய இரண்டே நிமிடத்தில் பாதியாகக் கரைந்தது. அதைச் சிதைக்க இரத்தத்திலேயே ஒரு நொதி காத்திருந்தது. இன்சுலினுக்குப் பிறகு இன்னோர் ஊசியை யாரும் விரும்பமாட்டார்கள் என்று நினைத்த ஃபைசர் நிறுவனம் இந்த ஆராய்ச்சியையே கைவிட்டது. 1996இல் லண்டனில் ஸ்டீபன் புளூமின் குழு, எலியின் மூளைக்குள் இதைச் செலுத்தியபோது எலி தீனியைக் குறைத்துக்கொண்டதைக் கண்டது. சீனியையும் பசியையும் சேர்த்து அடக்கும் பொருள் கையில் இருந்தது, நிற்கத்தான் மறுத்தது. அதை நிற்க வைக்கும் வழியை முதலில் காட்டியது ஒரு விஷப் பல்லி.

நியூயோர்க்கின் புரொங்ஸில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் இருந்த ஜோன் எங், விஷங்களுக்குள் ஹோர்மோன் தேடிக்கொண்டிருந்தார். அமெரிக்கப் பாலைவனத்தின் கிலா மொன்ஸ்டர், ஆண்டில் சில தடவை மட்டுமே வயிறு நிறைய உண்டு மாதக்கணக்கில் சும்மா கிடக்கும் பல்லி. 1992இல் அதன் விஷத்தில் அவர் பிரித்தெடுத்த எக்ஸெண்டின்-4, ஜி.எல்.பி-1இன் வேலையையே செய்தது. ஆனால் சீக்கிரம் சிதையவில்லை. காப்புரிமை எடுக்க மருத்துவமனை நிர்வாகம் முன்வரவில்லை. எங் சொந்தக் காசைப் போட்டு எடுத்தார். அமிலின் நிறுவனம் அதற்கு உரிமம் பெற்று, 2005இல் எக்ஸெனடைட் என்று கடைக்குக் கொண்டுவந்தது. நாளுக்கு இரண்டு ஊசி. சீனி குறைந்ததோடு நோயாளிகளின் எடையும் இறங்கியது. ஆனால் ஆயுள் முழுக்க நாளுக்கு இரண்டு தடவை யார் குத்திக்கொள்வார்கள்?

விடை, உடுப்புத் தோய்க்கும் பவுடருக்கான நொதிகளில் ஆராய்ச்சியைத் தொடங்கிய ஒரு பெண்ணிடம் இருந்தது. டென்மார்க்கின் நோவோ நோர்டிஸ்கில் லொட்டே பியரே குனுட்சன், ஜி.எல்.பி-1இன் உடலில் ஒரு கொழுப்பமில வாலைக் கட்டினார். வால் இரத்தத்தில் உள்ள அல்புமின் புரதத்தைப் பற்றிக்கொண்டது. பஸ் கம்பியைப் பிடித்த பயணியைப் போல மருந்து விழாமல் நின்றது. முதலில் லிராகுளுடைட்: நாளுக்கு ஒரு ஊசி. பிறகு வாலை மாற்றி, சங்கிலியில் ஒரு கண்ணியையும் மாற்றினார்கள். பாதியாகக் கரைய இரண்டு நிமிடம் எடுத்த பொருள், இப்போது ஏறக்குறைய ஏழு நாள் எடுத்தது.

அதுதான் செமாகுளுடைட், வாரம் ஒரு தடவை வயிற்றிலோ தொடையிலோ குத்திக்கொள்ளும் பேனா ஊசி. 2017இல் நீரிழிவுக்கு ஒசெம்பிக் என்றும், 2021 ஜூனில் உடல் எடைக்கு வீகோவி என்றும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 1,961 பேரை வைத்து நடத்திய சோதனையில், 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீத எடை குறைந்தது. வெறும் ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம். 2024இல் ஹேபனர், மொய்சோவ், குனுட்சன் மூவரும் மருத்துவ ஆராய்ச்சிக்கான லாஸ்கர் விருதைப் பகிர்ந்தார்கள். எல்லாம் சுபம் என்று முடித்திருக்கலாம், ஊசியை நிறுத்திய பிறகு என்ன ஆனது என்று யாரும் பார்க்காமல் இருந்திருந்தால்.

பார்த்தார்கள். நிறுத்திய ஓராண்டுக்குள், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. எனவே இது நெடுநாள் மருந்து; செலவும் நெடுநாள் செலவு.

இதற்கிடையே 1974இன் தோட்டங்களும் மாறியிருந்தன. ரொட்டியும் கட்டச்சம்பலும் சீனி போட்ட பிளேன்டீயும் திரும்பி வந்தன. பின்னால் சீனி வியாதியும் வந்தது. பசியும் முழுதாகப் போய்விடவில்லை. 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டத்துப் பிள்ளைகளில் 32 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாட்டின் சராசரி 17. சிறுவயதில் போஷாக்கு இல்லாத உடம்பைத்தான் பிற்காலத்தில் நீரிழிவு எளிதாகப் பிடிக்கிறது. ஒரே லயத்தில் இரண்டும் குடியிருந்தன.

அரசாங்க கிளினிக்கில் நீரிழிவுக்கான மெட்ஃபோமின் மாத்திரை இலவசம். வாராந்த ஊசியின் கணக்கு வேறு. வீகோவி வெளிவந்தபோது அமெரிக்காவில் அதன் மாத விலை 1,349 டொலர். 2024இல் கொழுந்து பறிப்பவருக்கு அரசு நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. எண் ஏறக்குறைய ஒன்றுதான், காசு வேறு. டொலருக்கு 300 ரூபா என்றால், ஒரு மாத மருந்துக்கு 300 பேர் (ஒரு பேர் என்பது ஒரு நாள் வேலை) போட வேண்டும். அது ஓராண்டு உழைப்பு.

கதையின் அடுத்த திருப்பம் பாக்கு நீரிணைக்கு அப்பால் இருக்கிறது. இந்தியாவில் செமாகுளுடைடின் காப்புரிமை 2026 மார்ச் வரைதான். அதன் பிறகு அங்குள்ள மருந்துத் தொழிற்சாலைகள் மலிவாகச் செய்யலாம். ஒரு ஊசியை ஒரு வாரம் நிற்க வைக்க விஞ்ஞானத்துக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. அந்த ஊசியை ஒரு நாள் பேருக்குள் அடக்குவது யார் என்பதில்தான், அது பசறை மலை ஏறுமா என்பது இருக்கிறது.