வெற்றிக்கோட்டிற்கு அப்பால்: நெடுந்தூரக் குதிரையோட்டமும் மிருக வைத்தியமும்

நெடுந்தூரக் குதிரையோட்டத்தில் வென்றவர் யார் என வினவின், முதலில் வந்து சேர்ந்தவரே என விடையிறுத்தல் இயல்பு. அவ்விடை போதாதென மனிதன் உணர்ந்துகொண்ட வரலாறே, ஓடி முடித்த குதிரைக்கு அளிக்கப்படும் மருத்துவக் கவனிப்பின் வரலாறுமாகும்.

1892ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஜேர்மனிய இராணுவ அதிகாரிகள் பேர்லினிலிருந்து வியன்னாவுக்கும், ஒஸ்திரிய-ஹங்கேரிய அதிகாரிகள் வியன்னாவிலிருந்து பேர்லினுக்கும் குதிரைகளைச் செலுத்தினர். தூரம் ஏறக்குறைய 580 கிலோமீற்றர். அதனை ஏறத்தாழ 71 மணித்தியாலத்திற் கடந்த ஸ்ராகெம்பேர்க் பிரபு வெற்றி பெற்றார். ஆயின், பல குதிரைகள் வழியிலும், வந்து சேர்ந்த பின்னரும் மாண்டன. ஜேர்மனியருள் முதல்வராக வந்த றைற்சென்ஸ்ரைனின் குதிரையும் அவற்றுள் ஒன்று. வெற்றியை நிர்ணயித்தது கடிகாரமே.

1955ஆம் ஆண்டில் வென்டெல் றொபி என்பாரும் தோழர் சிலரும் கலிபோர்ணியாவின் தாகோ ஏரிப் பகுதியிலிருந்து ஓபேர்ண் நகர் வரை, சியறா நெவாடா மலைகளூடாக 100 மைல் தூரத்தை ஒரே நாளிற் கடந்தனர். டெவிஸ் கிண்ணப் போட்டி இவ்வாறு தோன்றியது. இதில் எல்லையை அடைதல் மட்டும் போதாது. குதிரை மேலும் பயணஞ் செய்யத் தகுதியுடையதென மிருக வைத்தியர் உறுதிப்படுத்தல் வேண்டும். 1964ஆம் ஆண்டு முதல், முதற் பத்து இடங்களுள் வந்த குதிரைகளில் மிகச் சிறந்த உடல்நிலையுடையதற்கு ஹாகின் கிண்ணம் வழங்கப்படலாயிற்று. தீர்ப்பு கடிகாரத்திடமிருந்து வைத்தியரின் கைக்கு மாறியது.

வைத்தியர் எதனை நோக்குகிறார்? குறித்த நேரத்துள் நாடித்துடிப்பு நிமிடத்திற்கு 64 அல்லது அதனை அண்டிய அளவுக்குத் தணிகிறதா, கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் விரைந்து பழைய நிலையை அடைகிறதா, குடலின் ஓசை கேட்கிறதா, நடையில் நொண்டல் உண்டா என்பனவே முதன்மையானவை. இவற்றின் காரணம் குதிரையின் உடலமைப்பில் உள்ளது. குதிரையின் வியர்வை உப்புச் செறிவு மிக்கது. நீரோடு உப்பும் பெருமளவு வெளியேறுவதால் இரத்தத்தின் செறிவு அதிகம் உயர்வதில்லை; எனவே உடல் வரண்டிருந்தும் தாகம் தோன்றாதிருத்தல் கூடும். வேண்டுமாயின் குதிரை தானே குடிக்கும் என்னும் நம்பிக்கை இங்கு பொய்க்கிறது. மேலும், இரத்தம் தசைகளுக்கும் தோலுக்கும் திருப்பப்படுவதாற் குடலின் இயக்கம் குன்றும். கடும் வயிற்றுவலியும் தசைச்சேதமும் சில மணித்தியாலங்களின் பின்னரே வெளிப்படலாம். ஆதலால் நீர், உப்பு, தீவனம், ஓய்வு ஆகியவற்றோடு தொடர்ந்த கண்காணிப்பும் இன்றியமையாதது.

பழைய நம்பிக்கைகள் சில ஆய்வினால் வீழ்ந்தன. வெப்பமுற்ற குதிரைமீது குளிர்நீர் ஊற்றுதல் தீங்கென நெடுங்காலம் கருதப்பட்டது. 1996ஆம் ஆண்டின் அற்லாண்டா ஒலிம்பிக் விளையாட்டுக்களை முன்னிட்டு நடத்தப்பட்ட ஆய்வுகள், அது உடல்வெப்பத்தை விரைந்து தணிக்கும் பாதுகாப்பான முறையென நிறுவின.

எனினும், விதிகள் எழுதப்பட்டமையாற் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. சமதரைப் பாலைநிலங்களில் வேகம் மிகுந்தபோது குதிரைகளின் காயங்களும் மரணங்களும் கண்டனத்திற்குள்ளாயின. 2015ஆம் ஆண்டு மார்ச்சில் சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனம் ஐக்கிய அரபு இராச்சியத்தின் தேசியச் சம்மேளனத்தைச் சில மாதங்கள் இடைநிறுத்தியது. கடிகாரம் தன் பழைய அதிகாரத்தை மீளக் கோரும் வேளையில், வைத்தியரின் மறுப்புக்கு மதிப்பளிக்கப்படுகிறதா என்பதே கேள்வி. தன் களைப்பை எடுத்துரைக்க இயலாத உயிரின் சார்பில் உரைப்பதற்கு வேறு நா இல்லை.