தாளப் பொறியும் கம்பம் பள்ளத்தாக்கும்

சித்திரைத் திங்களில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்குச் செல்வோர்க்குக் கோயில் கண்ணிற்படுமுன்னரே மேளவொலி காதில் விழுந்துவிடும். தேனியிலிருந்து கம்பம் வரையுள்ள ஊர்களில் தப்பு, உறுமி, தவில் முதலிய தோற்கருவிகள் ஒலிக்காத விழா அரிது. இவற்றுள் உறுமி தனித்தன்மை வாய்ந்தது. இடை ஒடுங்கிய இருமுகக் கருவி அது. ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பர். மறுமுகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பர். தேய்க்குந்தோறும் தாழ்ந்த குரலில் ஒரு முனகல் எழும். தாளத்தையும் அடிநாதத்தையும் ஒருவரே தரும் விந்தை இது. மேலைநாட்டு இசைக்குழுவில் இவ்விரு பணிகளையும் டிரம்ஸ், பேஸ் கித்தார் என்னும் இரண்டு கருவிகள் பகிர்ந்துகொள்கின்றன. அப்பணிகளைப் பொறி ஏற்றுக்கொண்ட வரலாற்றையே இங்குக் காணப்போகிறோம்.

1959இல் அமெரிக்காவின் வுர்லிட்சர் நிறுவனம், ஆர்கன் வாசிப்போர்க்குத் துணையாகச் 'சைட்மேன்' என்னும் தாளப் பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சுழலும் தட்டொன்று மின்தொடர்புகளைத் தொட்டுச் செல்ல, வெற்றிடக் குழல்கள் ஒலியெழுப்பின. வால்ட்ஸ், டேங்கோ என அதில் 12 தாளங்கள் அமைந்திருந்தன. 1967இல் ஜப்பானின் ஏஸ் டோன் நிறுவனம் 'ரிதம் ஏஸ்' என்னும் பொறியை வெளியிட்டது. பொத்தானை அழுத்தினால் தாளம் பிறக்கும்; ஆயின் அது பொறியைச் செய்தவர் உள்ளே வைத்த தாளமேயன்றி, வாசிப்பவர் விரும்பிய தாளமன்று. மனப்பாடம் செய்ததை மட்டும் ஒப்பிக்கும் மாணவரைப் போன்றவை அப்பொறிகள். 1978இல் ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட சி.ஆர்.-78 என்னும் பொறியில், வாசிப்பவர் தம் தாளத்தைத் தாமே அமைத்துச் சேமிக்க வழி பிறந்தது. என் கணிப்பில் இவ்வரலாற்றின் திருப்புமுனை 1959 அன்று, 1978தான்.

ஆனால், தாளத்தையும் அடிநாதத்தையும் தாமே வகுத்துக்கொள்வதற்குப் பொறி இன்றியமையாததன்று. கம்பம் பள்ளத்தாக்கைச் சேர்ந்த பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்த இளையராஜா இதற்குச் சான்று. தமையனார் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகச் சென்று வாசித்தவர் அவர். பின்னர்ச் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசையையும் அதனை எழுதும் முறையையும் பயின்றார். 1976இல் 'அன்னக்கிளி' வெளிவந்தது. ஒவ்வொரு கருவிக்கும் உரிய பகுதியைத் தாளில் தனித்தனியே எழுதித் தருவது அவர் வழக்கம். அவ்வாறு எழுதிய பேஸ் கித்தார்ப் பகுதி, பாட்டின் பின்னே நடக்கும் ஏவலாளாக நில்லாமல், பல பாடல்களில் இரண்டாவது மெட்டாகவே இயங்கக் காணலாம். 1986இல் 'புன்னகை மன்னன்' படத்திற்கு அவர் கணிப்பொறி வழியும் இசையமைத்தார்.

கருவிகள் தம்முள் செய்தி பரிமாறிக்கொள்ள 'மிடி' என்னும் பொதுமொழி 1983இல் வந்தது. கனடாவைச் சேர்ந்த பீட்டர் கேனன் 1990இல் 'பேண்ட்-இன்-எ-பாக்ஸ்' என்னும் பக்கவாத்திய மென்பொருளை வெளியிட்டார். இதில் நம் தாளத்தை எழுதும் முறை எளிது. தாளச் சுற்று ஒன்றைக் கட்டங்களாகப் பகுத்து, எக்கட்டத்தில் எக்கருவி, எவ்வளவு வன்மையுடன் ஒலிக்கவேண்டும் என்று குறிக்கவேண்டும். நான்கு அடிகளைப் பதினாறு கட்டங்களாகப் பகுத்தால் சதுச்ர நடை. பன்னிரண்டாகப் பகுத்தால் திச்ர நடை. நம் நாட்டுப்புற மேளத்தின் துள்ளலைப் பதினாறு கட்டங்களில் அடைக்க முயல்வோர், அடிக்கு மூன்றாக வரவேண்டியதை நான்கில் நெருக்கி, நடையையே கெடுத்துவிடுவர். பேஸ் பகுதியை ஒரே சுரக்கூட்டில் வாசித்துப் பதிந்தால் போதும். பாட்டின் சுரக்கூடு மாறும்போது மென்பொருள் அதனை ஏற்றியும் இறக்கியும் பொருத்திக்கொள்ளும். ஒரே சுற்று திரும்பத் திரும்ப வந்து சலிப்பூட்டாதிருக்கப் பல சுற்றுகளை எழுதி, எது அடிக்கடி வரவேண்டும், எது அருகி வரவேண்டும் என்று எடையும் குறிக்கலாம்.

இங்கேதான் ஒரு குறை தென்படுகிறது. எந்தக் கருவிக்கு எந்த எண் என்று 1991இல் உலகப் பொதுவான பட்டியல் ஒன்று வகுக்கப்பட்டது. அதில் இன்னிசைப் பகுதியில் சித்தாருக்கு 105, செனாய்க்கு 112 என இடம் உண்டு. தாளப் பகுதியில் 35 முதல் 81 வரை 47 ஒலிகள் உள்ளன. மிருதங்கமோ, தபேலாவோ, தவிலோ, தப்போ அவற்றுள் இல்லை. பிரேசில் நாட்டின் 'குயீக்கா' உறுமியைப் போலவே உராய்வினால் முனகும் கருவி. அதற்கு 78, 79 என இரண்டு எண்கள்! உறுமிக்கு ஒன்றும் இல்லை. பட்டியல் வகுத்தவர்கள் பகைமையால் விலக்கினார்கள் என்று நான் கூறேன். அவர்கள் காதில் நம் மேளம் விழவில்லை போலும். ஆயின் அதன் விளைவு நம்மைச் சேர்கின்றது. பாட்டுப் பழகும் மாணவர், கிடைத்த தாளத்திற்கேற்பத் தம் பாட்டை மாற்றிக்கொள்ளத் தொடங்கிவிடுகிறார்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. உண்மையான ஒலியைப் பதிவுசெய்து, விரும்பிய எண்ணோடு இணைக்கும் வசதி இன்று எளிதாகக் கிடைக்கிறது. உறுமிக்கு ஓர் ஒலி போதாது: குறுந்தேய்ப்பு, நெடுந்தேய்ப்பு, ஏறுமுகம், இறங்குமுகம், குச்சியடி எனக் குறைந்தது ஐந்து வேண்டும். அவற்றைப் பதிவுசெய்யத் தேர்ந்த உறுமிக்காரர் ஒருவரை நாடவேண்டும். திருவிழா நாட்களில் அவருக்கு ஓய்விராது. வேறொரு நாளில், உரிய ஊதியத்தோடு செல்க.